சித்தப்பாவின் கடைசி பதினொரு நொடி

சித்தப்பா சாகப்போகிறார் என்பது ஊர் உலகத்துக்குத் தெரிவதற்கு ஒன்பது நாள் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதற வேண்டாம், சொந்தச் சித்தப்பா இல்லை. ‘கழுதை’ என்று பெயர் வைத்த சரக்கு விண்கலம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கும் தொலைக்காட்சித் தொடர்ச் சித்தப்பா. கதையில் அவருக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு, ரசிகர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை. எதைக் கொடுத்தாலும் கழற்றிப் போட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போகிற, ஆனாலும் அவர் கை வைத்தால்தான் மோட்டார் ஓடும் என்று பெயர் வாங்கிய சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பாரே, அந்த ரகம்.

அவளுக்கு முன்கூட்டியே தெரிந்ததற்குக் காரணம் அவள் வேலை. காது கேளாதவர்களுக்காகத் திரையின் அடியில் சப்டைட்டில் ஓடுகிறதல்லவா, அதை எழுதுகிறவள் அவள். பேச்சு என்றால் பேசியது பேசியபடி. சத்தம் என்றால் சதுர அடைப்புக்குள்: [கதவு அறைகிறது], [தூரத்தில் சிரிப்பு], [எஞ்சின் இருமி நிற்கிறது]. டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அலுவலகம். ஜன்னலையெல்லாம் பஞ்சு வைத்து அடைத்திருந்தாலும், கீழே காற்றடிக்கிற சத்தம் எப்படியோ படியேறி வந்துவிடும். அதனால் காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன். சுவரில் மேலாளர் அம்மா தன் கையாலேயே எழுதி ஒட்டிய காகிதம்: ‘கேட்டதை எழுது. நினைத்ததை எழுதாதே.’

இந்த வேலைக்கு அவள் வந்தது அண்ணனால். அண்ணனுக்கு நான்கு வயதில் வந்த காய்ச்சல் போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு இரண்டு வயது இளையவளான இவள், எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து டிவிக்குப் பக்கத்தில் சிலேட்டோடு உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள், எங்கே இடி இடித்தது என்று எழுதிக் காட்டினாள். சத்தம் வந்தால் மட்டும் சிலேட்டில் ஒரு கட்டம் போட்டு உள்ளே எழுதுவாள். சிலேட்டு உடைந்த பிறகு அதுவே கைச்சாடை ஆனது. இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக வைத்துக் காற்றில் ஒரு பெட்டி போட்டால், ‘இனி வருவது சத்தம்’ என்று அவர்களுக்குள் அர்த்தம்.

அண்ணன் அவளைக் கூப்பிடுவதும் சாடையால்தான். ஆள்காட்டி விரலை மூக்குக்குக் கீழே ஒரு இழு. தமிழில் சொன்னால் சளிமூக்கி. சின்ன வயதில் அவள் மூக்கு வருடம் முழுக்க ஓடிக்கொண்டிருந்ததற்கு அவன் வைத்த பெயர். இப்போது முப்பத்தி நாலு வயதாகி, மூக்கெல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகும் பெயர் போகவில்லை.

சித்தப்பா அண்ணனுடைய ஆள். அண்ணன் அச்சகத்தில் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவன். மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டுக் கோளாறு கண்டுபிடிக்கும்போது, இவன் இயந்திரத்தின் விலாவில் உள்ளங்கையை வைத்து எந்த உருளை வழுக்குகிறது என்று சொல்லிவிடுவான். திரையில் சித்தப்பாவும் அப்படித்தான், எஞ்சின்மேல் கை வைத்துக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டி, “எழுந்திரு கண்ணு” என்பார். எஞ்சின் எழுந்துவிடும். முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, “இந்த ஆளு நம்ம ஜாதி” என்று கையால் சொன்ன அண்ணன், பன்னிரண்டு வருடத்தில் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

அவள் கதை வேறு. முதல் எட்டு வருடம் அவளும் சித்தப்பாவைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினாள். அப்புறம் கதை எழுதுகிறவர்களுக்கு என்ன வந்ததோ, அவரை உபதேசம் செய்ய விட்டுவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு அறிவுரை. அதே மூன்று ஜோக். நான்கு தடவை எதிரிகளிடம் மாட்டினார், நான்கு தடவையும் அதே காற்றுக்குழாய் வழியாகத் தப்பினார். எழுதி எழுதி அவள் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். பொறுக்க முடியாமல் போன வருடம் ரசிகர் தளத்தில் புனைபெயரில் ஒரு கட்டுரை போட்டாள்: ‘சித்தப்பாவைத் தயவுசெய்து அனுப்பி வையுங்கள்.’ ஆறு காரணம். இரண்டாயிரம் பேர் ஆமோதித்தார்கள். அண்ணன் சொந்தப் பெயரில் வந்து கீழே ஒரே வரி எழுதிவிட்டுப் போனான்: ‘இத எழுதின ஆளுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?’ அவள் பதில் எழுதவில்லை. எழுதினது தங்கை என்று வீட்டில் சொல்லவும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, வருடக் கடைசி அத்தியாயம் பூட்டு போட்ட கோப்பாக அலுவலகத்துக்கு வந்தது. வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் கழுதையின் எஞ்சின் அறை வெடிக்கத் தயாராகிறது. உள்ளே ஒருவர் இருந்து கதவைப் பூட்டினால்தான் மற்ற ஒன்பது பேர் பிழைப்பார்கள். சித்தப்பா எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டுக் கதவைப் பூட்டுகிறார். உபதேசம் இல்லை, ஜோக் இல்லை. எஞ்சினில் முதுகைச் சாய்த்து உட்கார்கிறார், அதன்மேல் உள்ளங்கையை வைக்கிறார், மூன்று தட்டு தட்டுகிறார். “தூங்கு கண்ணு” என்கிறார். திரை கறுப்பாகிறது. பதினொரு நொடி கறுப்பு மட்டும். அப்புறம் பாட்டுக்கூட இல்லாமல் பெயர்கள் ஓடுகின்றன.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது? நாலு வருடமாக நச்சரித்த ஆசாமி ஒருவழியாகப் போனார், அதுவும் கௌரவமாகப் போனார், அப்பாடா. அடுத்து வந்தது கோபம். இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் நாலு வருடம் எதற்கு அந்த மனுஷனைக் கோமாளியாக்கினார்கள்? மூன்றாவதாக வந்ததுதான் மோசம். ஆறு காரணம் எழுதினது இதே கைதானே என்று தன் கையைப் பார்த்தாள். யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டு நடித்த ஆள், இந்நேரம் எங்கேயோ காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் என்று மனசுக்கு எடுத்துச் சொன்னாள். மனசு கேட்டால்தானே.

இருந்தாலும் வேலை வேலைதான். கறுப்புத் திரைக்கும் சப்டைட்டில் போட வேண்டும். ஒன்றுமே போடாவிட்டால், பார்க்கிறவர்கள் டிவி கெட்டுவிட்டது என்று ரிமோட்டைத் தட்டுவார்கள். [நிசப்தம்] என்று அடிக்கக் கையை வைத்தாள். அப்போதுதான் கேட்டது. மெல்லிய, நீளமான ஒரு மூச்சு. திரும்ப ஓடவிட்டாள், கேட்டது. மூன்றாம் தடவையும் கேட்டது. சத்தத்தைக் கோடாகக் காட்டும் பெட்டி ஒன்று கணினியில் உண்டு. அதைப் பார்த்து எழுதுகிறவர்கள் சோம்பேறிகள் என்பது அவள் கொள்கை, அதனால் அதை எப்போதும் மூடியே வைத்திருப்பாள். காது கேட்டது, கை எழுதியது: [மெல்லிய மூச்சு].

அவள் எழுதியதைச் சரிபார்க்க ஒருவர் உண்டு. அலுவலகத்தில் எல்லோரும் அவரைக் கழுகு என்பார்கள், கண்ணுக்கு ஒரு புள்ளி தப்பாது. அந்தக் கழுகும் இந்தத் தொடரின் வெறியர் என்பதுதான் வினை.

“கடைசி எபிசோடா? அய்யய்யோ, எனக்குக் காட்டாதம்மா. ஒம்போது நாள் கழிச்சு வீட்டம்மாவோட உக்காந்து பாக்கணும்.”

“சார், செக் பண்ணணுமே?”

“நீ எழுதினா அதுல செக் பண்ண என்ன இருக்கு? பாத்தேன்னு போட்டுக்கோ.” கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்துப் போட்டார் கழுகு.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு அண்ணன் வீட்டில் எல்லோரும் டிவி முன்னால். அண்ணி சோபாவின் கையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, கூடைக்குள்ளிருந்த காலுறைகளுக்கு ஜோடி தேடினாள். சித்தப்பா கதவைப் பூட்டியபோது அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். மூன்று தட்டு. கறுப்புத் திரை. அடியில் அந்த இரண்டு சொல்.

அண்ணன் முதலில் டிவியைப் பார்த்தான், பிறகு இவளைப் பார்த்தான். இரண்டு கையும் படபடவென்று பறந்தன.

“உயிரோட இருக்காரு! மூச்சு விடறாரு!”

“என்னடி சொல்றாரு உங்கண்ணன்?” என்றாள் அண்ணி. “எனக்கு ஒரு மூச்சும் கேக்கலையே.”

“லேசா இருக்கு அண்ணி” என்றாள் இவள். தன் காதின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. காது கேளாத ரசிகர்களுக்கு என்று அண்ணன் ஒரு குழு நடத்துகிறான். ‘சத்தம் போடாதே சங்கம்’ என்று பெயர், நாற்பது பேர். அன்று இரவு ஊரெல்லாம் சித்தப்பாவுக்கு மெழுகுவத்திப் படம் போட்டு அழுதபோது, சங்கம் மட்டும் குதித்துக்கொண்டிருந்தது. பொதுத் தளத்தில் அண்ணன் போய் அறிவித்தான்: ‘அழாதீங்க. மூச்சு இருக்கு. எங்க சப்டைட்டில்ல தெளிவா போட்டிருக்கு. உங்களுக்குக் கேக்கலைன்னா காது டாக்டரைப் பாருங்க.’

காது உள்ளவர்கள் டிவியை முழுச்சத்தத்தில் வைத்துக் கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் ஒன்றும் இல்லை என்றார்கள். பாதிப் பேருக்கு மூச்சு நன்றாகவே கேட்டது. ஒருவருக்கு இருமல்கூடக் கேட்டதாம். “எங்க காதுல பூ சுத்தாதீங்க” என்று யாரோ எழுத, “உங்க காதுல ஏற்கெனவே பூ இருக்கறதாலதான் கேக்கல” என்று அண்ணன் பதில் கொடுத்தான். சண்டை நாளுக்கு நாள் முற்றி, அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மறுஒளிபரப்பைச் சங்கம் சேர்ந்து பார்ப்பது, சந்தேகப்படுகிறவர்களும் வந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அச்சகத்து முதலாளி காகிதக் கிடங்கைத் திறந்துவிடுவதாகச் சொன்னார். அண்ணன் பெரிய தாளில் ஒரு பதாகையே அச்சடித்துவிட்டான்: ‘எங்களுக்குக் கேட்டது.’

அந்தப் பதாகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அவள் சந்தோஷமாகத்தான் பார்த்தாள். ஆயுசு முழுக்க எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, “என்ன ஜோக்?” என்று அடுத்தவன் முகத்தைப் பார்த்தவன் அவன். முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. பதாகைக்குப் பக்கத்தில் நின்ற அவன் முகத்தில் அது அப்படியே தெரிந்தது.

அந்த ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அம்மா கூப்பிட்டார். போகும்போதே கழுகு எதிரில் வந்து தலையைக் குனிந்துகொண்டார்.

“தயாரிப்பாளர்கள்ட்ட இருந்து கடிதம் வந்திருக்கு” என்றார் மேலாளர் அம்மா. “அந்தப் பதினொரு நொடியில ஒரு சத்தமும் இல்லையாம். சும்மா இல்ல, சுத்தமா இல்ல. வேணும்னே வெறுமையா விட்டிருக்காங்க. இந்தா, நீயே பாரு.”

சத்தத்தைக் காட்டும் கோடு திரையில் ஓடியது. “தூங்கு கண்ணு” வரைக்கும் மேலும் கீழும் துள்ளிய கோடு, அதற்கப்புறம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராகப் போனது.

“இல்ல மேடம், எனக்கு நல்லா கேட்டுச்சு. மூணு தடவ கேட்டேன்.”

“ஹெட்போனப் போடு. இப்பக் கேளு.”

போட்டாள். கேட்டாள். கறுப்புத் திரை வந்தது, மூச்சும் வந்தது. “இதோ மேடம்! இருக்கு!”

மேலாளர் அம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது. “இப்ப மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கேளும்மா.”

பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றும் இல்லை. ஹெட்போனுக்குள் அவளுடைய ரத்தம் ஓடுகிற இரைச்சல்கூட அடங்கிப் போனதுபோல இருந்தது. காதை முழுசாக மூடுகிற ஹெட்போனில் தன் மூச்சு தனக்கே கேட்கும் என்பது இந்த வேலைக்கு வந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம். சித்தப்பா கதவைப் பூட்டியதிலிருந்து அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். திரை கறுத்தபோது விட்டிருக்கிறாள். மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள், மூன்று தடவையும் அதே இடத்தில் பிடித்து, அதே இடத்தில் விட்டிருக்கிறாள்.

மேலாளர் அம்மா கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார், கழுகுக்கும் ஒன்று. ஞாயிறு மறுஒளிபரப்புக்குள் திருத்திவிட வேண்டும். அவளே உட்கார்ந்து இரண்டு சொல்லை அழித்து ஒரு சொல்லை அடித்தாள்.

“உங்கண்ணன் கூட்டம் போட்டிருக்காராமே?” என்றார் கழுகு, டீயை நீட்டியபடி. குற்ற உணர்ச்சியில் அவரே வாங்கி வந்த டீ. “அவருட்ட உண்மையச் சொல்லி எதுக்கும்மா நோகடிக்கற? கம்பெனிக்காரன் பயந்துபோய் மாத்திட்டான்னு சொல்லு. இன்னும் கெட்டியா நம்புவாரு. அடுத்த வருஷம் வரைக்கும் சந்தோஷமா சண்ட போடுவாரு.”

யோசனை நல்ல யோசனைதான். அவள் அதை மதியம்வரைக்கும் மனசுக்குள் உருட்டிப் பார்த்தாள். அண்ணன் நம்புவான். அவள் சொன்னால் எதையும் நம்புவான். அங்கேதான் இடித்தது. முப்பது வருடமாக உலகத்துச் சத்தம் முழுக்க அவனுக்குள் போனது இவள் ஒருத்தி வழியாக. ஒரு தடவை பொய் கலந்தால், அவனுக்குத் தெரியாவிட்டாலும் இவளுக்குத் தெரியுமே. உண்மையைச் சொன்னாலோ, இனிமேல் இவள் எழுதும் ஒவ்வொரு கட்டத்தையும் அவன் சந்தேகமாகப் பார்ப்பான். சொல்லாமல் விட்டால் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் முன்னால், பதாகைக்குக் கீழே நின்று, அவன் மூக்குடைபடுவான். டீ ஆறிப்போனது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அச்சகத்துக்கு பஸ் ஏறினாள்.

அச்சகத்தில் சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். அண்ணன் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டு, அதன் விலாவில் கை வைத்து நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் விரலை மூக்குக்கடியில் இழுத்துச் சிரித்தான்.

“என்ன இந்த நேரத்துல? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?”

“இன்னும் இல்ல. அண்ணா, ஒண்ணு சொல்லணும்.” அவசரத்தில் அவள் சாடை குழறியது. மறுபடி தெளிவாகச் செய்தாள். “அந்த மூச்சு சித்தப்பாவோடது இல்ல. என்னோடது. ஹெட்போன்ல என் மூச்சே எனக்குக் கேட்டிருக்கு. நான் தப்பா எழுதிட்டேன். அவரு செத்துட்டாரு.”

அண்ணன் கையை இயந்திரத்திலிருந்து எடுக்கவில்லை. இவளைப் பார்த்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான்.

சின்ன வயதிலிருந்தே அவனுடைய பிரம்மாஸ்திரம் அது. சண்டையில் தோற்கும்போது கண்ணை மூடிவிடுவான். அதற்குமேல் யாரும் அவனிடம் ஒன்றும் சொல்ல முடியாது, கத்த முடியாது, கெஞ்சவும் முடியாது. கதவைச் சாத்துவதைவிட மோசம். அவள் எதிரில் நின்றாள். தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. எத்தனை நேரம் என்று தெரியவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கண்ணைத் திறந்தவன் இயந்திரத்தை நிறுத்தினான்.

“இத்தன வருஷத்துல எத்தன எடத்துல உன் மூச்சு?”

“இது ஒண்ணுதான். சத்தியமா.”

“மழ?”

“நெசமான மழ.”

“அந்தக் கல்யாண சீன்ல வெளிய குயில் கத்துச்சே?”

“குயில்தான் அண்ணா.”

அவன் தலையை ஆட்டினான். “உன்ன ஏன் நம்பினேன் தெரியுமா? ஆறு காரணம் எழுதினவ நீ. அந்த ஆளு சாகணும்னு எழுதினவளே மூச்சு இருக்குன்னு எழுதறான்னா, அது பொய்யா இருக்குமான்னு நெனச்சேன்.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “அது நான்தான்னு உனக்குத் தெரியுமா?”

“உன் எழுத்தப் படிச்சு வளந்தவன்டி நான். எத்தன புனைபேரு வெச்சாலும் கமாவ அதே எடத்துலதான் போடுவ.”

“அப்புறம் ஏன் மனசு இருக்கான்னு கேட்ட?”

“இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான்.” சொல்லிவிட்டு அவள் பக்கம் ஓர் அடி வந்தான். “சாகணும்னு எழுதின ஆளு செத்ததுக்கு எதுக்கு மூச்சப் புடிச்ச?”

“தெரியல. அவரு மேல எரிச்சலாவும் இருந்துச்சு, போகக் கூடாதுன்னும் இருந்துச்சு. ரெண்டும்தான். அந்த ஆளு இல்லாம வாராவாரம் உனக்கு நான் என்னத்த எழுதறது?”

 அண்ணன் விழுந்து கிடந்த தாள்களை அடுக்கித் தட்டிச் சரிசெய்தான். “ஞாயித்துக்கெழம வந்துரு” என்றான். கோபம் தீர்ந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காகிதக் கிடங்கு நிறைந்துவிட்டது. கட்டுக் கட்டாக அடுக்கிய தாள்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், காது உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் கதவோரம் கூச்சத்தோடு நின்றார்கள். பதாகை சுவரில் இல்லை. ஒரு கட்டின்மேல் மடித்து வைத்திருந்தது. ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அண்ணன் காலால் தரையை அதிர மூன்று தட்டு தட்டிவிட்டு, ஒரு கட்டின்மேல் ஏறி நின்றான். எல்லோரும் திரும்பினார்கள்.

“நான் சொன்னது தப்பு” என்றான். “அந்த மூச்சு என் தங்கச்சியோடது. ஹெட்போன மாட்டிக்கிட்டு அவ விட்ட மூச்ச, அவரோடதுன்னு நெனச்சு எழுதிட்டா. சித்தப்பா போயிட்டாரு.”

காது உள்ளவர்களுக்கு அண்ணி எடுத்துச் சொன்னாள். கிடங்கு முழுக்கக் கைகள் பறந்தன. “அறிவிருக்கா?” என்று ஒருவர் இவளைப் பார்த்து நேராகவே கேட்டார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். முன்வரிசையில் இருந்த தையற்கார அம்மா மட்டும் வேறு ஒன்று கேட்டாள். “அப்ப நெசமாவே செத்துட்டாரா?” அண்ணன் ஆமாம் என்று தலையாட்டியதும் அந்த அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். ஊர் அழுது முடித்துப் பத்து நாள் கழித்து, அவர்கள் அழ ஆரம்பித்தார்கள். வழக்கம்போலத் தாமதமாக, அதுவும் இந்தத் தடவை இவளால். எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அண்ணன் இறங்கி வந்து அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தான்.

அத்தியாயம் ஓடியது. சித்தப்பா கதவைப் பூட்டினார். மூன்று தட்டு. “தூங்கு கண்ணு.” திரை கறுத்தது. அடியில் அவள் திருத்திய சொல் வந்து நின்றது: [நிசப்தம்].

அவள் சுற்றிப் பார்த்தாள். கதவோரம் நின்றவர்கள் வாய் திறக்கவில்லை. நாற்பது பேருடைய கைகளும் மடியில் அசையாமல் கிடந்தன. எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும் கைகள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து இப்படிச் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை. சரியான சொல்லைத்தான் போட்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.  பாழாய்ப்போன மனுஷன், மூன்று ஜோக்கை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டுப் போய்விட்டானே என்று வந்த அழுகையை அவளால் அடக்க முடியவில்லை. கிடங்கில் இருந்த ஒரே சத்தம் அவளுடையதுதான். கதவோரத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணனும் திரும்பிப் பார்த்தான். ஐந்தாவது நொடியோ ஆறாவது நொடியோ, மடியில் கிடந்த கைகளை எடுத்தான். இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராக வைத்து, அவள் முகத்துக்கு நேராகக் காற்றில் ஒரு பெட்டி போட்டான். பெட்டிக்கு நடுவில் ஆள்காட்டி விரலை மூக்குக்குக் கீழே ஒரு இழு இழுத்து, உறிஞ்சிக் காட்டினான்.

[சளிமூக்கி மூக்கை உறிஞ்சுகிறாள்.]

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். அதில் திருத்த ஒன்றும் இல்லை.